முகம் மறைக்கப்படும்

எங்கள் தெருவில் துணி காயப்போடப் போகும் பெண்கள் முதலில் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பக்கெட்டை அப்படியே உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். வெள்ளைச் சட்டை என்று யாரும் வாங்குவதில்லை. பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கிற தொழிற்சாலை அது. தெருவில் பாதிப் பேருக்குச் சோறு அதிலிருந்து வந்தது. மீதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்குக் கடை வைத்திருந்தோம். என்னுடையது ஜெராக்ஸ் கடை.

உலை அண்ணனும் நானும் ஒரே கட்டடத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்தோம். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே துணிக்கொடி. அவருக்கு உலையில் வேலை. ஈயம் உருகியதும் மேலே பாலாடை மாதிரிக் கசடு மிதக்கும். நீளக் கரண்டியால் அதை வழித்து ஒதுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் நல்ல ஈயமும் கசடோடு போய்விடும், கொஞ்சம் பிந்தினால் கசடு கட்டியில் இறங்கிவிடும். பதினோரு வருஷமாக அதையே செய்ததில் அவருக்கு நிறத்தைப் பார்த்தே பக்குவம் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பார்கள். பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்பது தொழிற்சாலையின் வைத்தியம்.

நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பேசி முடித்ததும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?" என்று கேட்பார். சோற்றில் உப்பு கம்மி என்று சொன்னாலும் கேட்பார், மழை வரும் போலிருக்கிறது என்றாலும் கேட்பார். தெருப் பிள்ளைகள் அவர் போகும்போது பின்னாலிருந்து அதைச் சொல்லிவிட்டு ஓடும்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பைகளுக்குப் பட்டை தைப்பார். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு; பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பாப்பா இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருப்பாள்.

வெயில் காலத்தில் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். கேமராவோடு இரண்டு பேர், அவர்களுக்குத் தலைமையாக முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. தெருவில் அவளைப் படக்காரம்மா என்றார்கள். பாட்டு, சண்டை இல்லாத படம், ஆவணப்படம் என்று அவள் விளக்கிச் சொன்னாள். தொழிற்சாலைக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது, புகையை அளக்க வருகிறவர்கள் ஏன் எதையும் கண்டுபிடிப்பதில்லை, தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் முதலாளிக்கும் என்ன உறவு, இதெல்லாம் படத்தில் வரும் என்றாள். என் கடையில்தான் ஒரு படிவத்தை நாற்பது நகல் எடுத்தாள். நான் படித்துப் பார்த்தேன். 'விரும்பினால் முகம் மறைக்கப்படும். குரல் மாற்றப்படும். பெயர் வெளியிடப்படாது.' நாற்பதில் முப்பத்தெட்டு அப்படியே என் கடைக்குத் திரும்பி வந்தது. பின்பக்கம் காலியாக இருந்ததால் பில் எழுத வைத்துக்கொண்டேன்.

கூடவே ஒரு டாக்டரையும் அழைத்து வந்து பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு இலவச ரத்தப் பரிசோதனை நடத்தினாள். கம்பெனிக்குப் பயந்து யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. உலை அண்ணன் மட்டும், தடுப்பூசி போட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மகளைத் தோளில் தூக்கிப் போனார். போனது யாருக்கும் தெரியாது. எனக்கும் பின்னால்தான் தெரிந்தது.

அந்த மாதத்திலிருந்து அவர் மாறினார். ஷிப்டு முடிந்து நேராக வீட்டுக்குள் வர மாட்டார். பின்பக்கக் குழாயடியில் சட்டையையும் பேண்டையும் அவிழ்த்து அவரே அலசுவார், தலையில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். மகள் ஓடி வந்தால், "தள்ளிப் போ, அப்பா ஈரமா இருக்கேன்" என்பார். ஒரு நாள் அக்கா என் மனைவியிடம், "பதினோரு வருஷமா நான் உதறி நான் துவைச்ச சட்டை. இப்ப என் கை பட்டாலே புடுங்கிட்டுப் போறாரு. எவளோ சுத்தக்காரி கிடைச்சிருக்கா போல" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் கம்மியாகத்தான் சிரித்தார்.

எட்டு மாதம் கழித்துப் படம் வெளிவந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். கடையில் இரண்டு பேர். ஒருவர் தொழிற்சாலை வாசலில் காவல் இருக்கும் கேட்டுக்காரர், அடையாள அட்டைக்கு லேமினேஷன் போட வந்திருந்தார். இன்னொருவர் அக்கா. பாப்பா கரும்பலகையைப் பார்த்து எழுதமாட்டேன் என்கிறாள், நேற்று சொல்லிக்கொடுத்தது இன்று மறந்துவிடுகிறது, கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நகலெடுக்க வந்திருந்தார்.

"ஏன் தம்பி, கண்ணாடி போட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டார்.

"எல்லாப் புள்ளைங்களும் இப்ப கண்ணாடிதான்க்கா" என்றேன்.

யாரோ என் போனுக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார்கள். நம் தெரு வருகிறது என்று கேட்டதும் கேட்டுக்காரர், "பெருசுல போடு, பார்ப்போம்" என்றார். கம்ப்யூட்டரில் போட்டேன். புகைபோக்கி வந்தது. எங்கள் தெருவின் சாக்கடை வந்தது. தொகுதி உறுப்பினர் மேடையில் முதலாளிக்கு மாலை போடுவது வந்தது. பிறகு ஒரு அறை, ஒரு நாற்காலி, அதில் ஒரு ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கலங்கல். குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"புகை அளக்க ஆளு வர்ற அன்னைக்கு உலை அணைஞ்சிருக்கும். முந்தின நாளே போன் வந்துரும். யார் வீட்டுல இருந்து வருதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க போனதும் ராவும் பகலுமா சேர்த்து எரிப்போம். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் போதும். நானோ மேசையைத் தட்டிச் சிரித்தேன். "அக்கா! இது நம்ம அண்ணன்!"

அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட ஆமா! இந்த மனுஷன் எப்பப் போய்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கலங்கல் முகம் அடுத்ததைச் சொல்லிவிட்டது.

"என் பொண்ணுக்கு ரத்தம் பார்த்தாங்க. ஈயம் அஞ்சு இருந்தாலே யோசிக்கணுமாம். நாப்பத்தேழு இருக்கு. எப்படிப் போச்சுன்னு டாக்டரம்மாவைக் கேட்டேன். வேலைச் சட்டையை வீட்டுல யாரு உதறுவாங்கன்னு கேட்டாங்க. என் பொண்டாட்டி உதறுவா. உள்ளதான் உதறுவா, வெளியில உதறினா அடுத்த வீட்டுக்காரங்க துணியில விழும்னு. பாப்பா அங்கதான் தரையில உக்காந்து விளையாடும். என் பொண்டாட்டிக்கு இது தெரியாது."

நான் நிறுத்தவில்லை. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கைக்கு மறந்துபோயிற்று. படத்தில் வேறு யாரோ அதிகாரி வந்து ஏதோ பேசினார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் டீச்சரின் கடிதம்.

கேட்டுக்காரர் சூடு ஆறாத அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வேறு யார் மூலமாவது கம்பெனிக்குத் தெரிந்தால், நீயும் அங்கேதானே இருந்தாய், ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்பார்கள்.

"தம்பி," என்றார் அக்கா. "நாப்பத்தேழுன்னா எவ்வளவு?"

மதியம் அண்ணன் வழக்கம்போல் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்வாசலில் வந்து நின்றார். நானும் என் மனைவியும் எங்கள் வாசலில் இருந்தோம். போய்விடலாம் என்று திரும்பினேன். "நில்லு தம்பி, நீயும் கேளு" என்றார் அக்கா.

அண்ணன் தலையில் சோப்பு நுரையோடு நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கும்.

"எப்பத் தெரியும்?"

"இந்தா, உள்ள போய்ப் பேசுவோம்."

"உள்ள எதுக்கு? உள்ளதான் விஷம் கிடக்குதே. இங்கயே சொல்லுங்க. எப்பத் தெரியும்?"

"பரிசோதனை முடிஞ்சு பத்து நாள்ல."

"எட்டு மாசம். எட்டு மாசமா அதே தரையில அவளுக்குச் சோறு போட்டேன். அதே தரையில படுக்க வச்சேன். கேமராவைப் பார்த்துப் பேசத் தெரிஞ்ச வாய்க்கு என்கிட்டப் பேசத் தெரியலையா?"

"நான்தான் துணிய நானே துவைச்சேன்ல..."

"அதுக்கு நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா? எவளோ ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். இருந்திருக்கலாம். நிஜமாச் சொல்றேன், ஒருத்தி இருந்திருக்கலாம்."

அண்ணன் நுரையைக் கழுவாமலே குழாய் மேடையில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிச் சொல்றது? நீ உதறினதுதான்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது? நாலு தடவை ஆரம்பிச்சேன். நீ அவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருப்ப. இல்ல, சோறு ஊட்டிக்கிட்டு இருப்ப. சரி, படம் வரட்டும்னு இருந்தேன். படம் வந்தா ஒண்ணு மூடிருவாங்க, இல்ல சுத்தம் பண்ணுவாங்க. அப்பச் சொல்லிக்கலாம், ஒரு வழி தெரிஞ்ச பிறகு சொன்னா உனக்குத் தாங்கும்னு நினைச்சேன்."

"வேலையை விட்டிருக்கலாம்ல?"

அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஈரமான கைகள், விரல்கள் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. கரண்டியைப் பிடிக்கும்போது மட்டும் அவை நடுங்குவதில்லை என்று பிறகு ஒருமுறை சொன்னார். "இதை வச்சுக்கிட்டு வேற எங்க போய் நிக்கறது? பேக்கிங் பக்கம் மாத்திக் குடுங்கன்னு மூணு தடவை கேட்டுட்டேன். நான் ஒண்ணும்..."

"அதை மட்டும் சொல்லாதீங்க" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டைக் கழுவினார். மெஷினை, பெட்டியை, பாயை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, தரையில் முட்டி போட்டுத் தேய்த்தார். தேய்த்த தண்ணீர் எங்கள் வாசல் பக்கம் ஓடி வந்தபோது என் மனைவி எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை அக்கா பார்த்தார்.

மறுநாள் அண்ணனைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் என் கடைக்கு மேற்பார்வையாளர் வந்தார். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். என் கடையில் பாதி வேலை தொழிற்சாலையிலிருந்து வருவது. அவரைக் கண்டால் நான் எழுந்து நிற்பேன், அன்றும் நின்றேன்.

"ஒரு கடிதம் டைப் பண்ணணும். நான் சொல்லச் சொல்ல அடி."

அடித்தேன். 'படத்தில் முகம் மறைத்துப் பேசியது நான்தான். அதில் நான் சொன்னவை அனைத்தும் படம் எடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்தவை. என் மகள் நலமாக இருக்கிறாள். ரத்தப் பரிசோதனை பற்றி எனக்கு எதுவும் தெரியாது.' ஒரு இடத்தில் எழுத்துப் பிழை விட்டேன். கண்ணாடிக்காரர் விரலை வைத்துக் காட்டித் திருத்தச் சொன்னார். நாலு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

"விசாரணைக் கமிட்டி வருதாம்" என்றார் போகும்போது. "ஒரு சின்னப் படத்துக்கு எவ்வளவு வேலை பாரு."

அக்கா வீட்டில் அவர் கொஞ்சம் நயமாகவே பேசினார் என்றுதான் கேள்வி. கையெழுத்துப் போட்டால் அண்ணனை உலையிலிருந்து எடுத்துக் கிடங்கு வாசலில் போடுவார்கள். அங்கே தூசி இல்லை. பாப்பாவுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம். நோய்க்கு வேறு பெயர் எழுதிக்கொள்வார்கள், மருந்து அதேதான். போடாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், எங்கள் கட்டடமே கம்பெனியுடையது.

அதே நேரத்தில் படக்காரம்மாவும் வந்தாள். கடை வாசலில் நின்று, அவர்கள் வீட்டுக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அக்காவே தெருவில் வந்துவிட்டார், தைத்த பட்டைகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு.

"அக்கா, மன்னிச்சிடுங்க. முகத்தை மறைச்சோம், குரலை மாத்தினோம். அண்ணன் பேசற விதத்துலயே கண்டுபிடிப்பாங்கன்னு எனக்குத் தோணலை."

"அதை விடுங்க. நீங்க என் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சீங்க, ஞாபகம் இருக்கா? ரெண்டு தடவை வந்தீங்க. ரெண்டாவது தடவை வந்தப்போ உங்களுக்கு நாப்பத்தேழு தெரியும். பாப்பா கன்னத்தைக் கிள்ளிட்டுப் போனீங்க."

படக்காரம்மாவின் முகம் சுருங்கியது. "அண்ணன் உங்ககிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னார்க்கா. வைத்தியத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டதாச் சொன்னார். நான் நம்பிட்டேன்."

"படத்துல என் பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு சொல்றாரே."

"அது அன்னைக்குப் பேசினது. அதுக்கப்புறம் சொல்லிட்டேன்னு சொன்னார். அந்த வரியை வச்சாத்தான் பார்க்கறவங்களுக்கு..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சொல்லுங்கக்கா, படத்தை எடுத்துடறேன். இன்னைக்கே எடுத்துடறேன்."

"எடுத்துட்டா எம்புள்ள ரத்தத்துல இருந்தும் எடுத்துருமா?" என்று கேட்டுவிட்டு அக்கா நடந்தார். கட்டு சரிந்தது. படக்காரம்மா பிடிக்கப் போனாள். அக்கா அதற்குள் ஒரு கையால் நிமிர்த்திக்கொண்டார்.

கையெழுத்துப் போடச் சொன்னது அக்காதான். அண்ணன் இரண்டு நாள் காகிதத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் பொய்யன்னு ஆகிரும். பக்கத்துத் தெருவுலயும் புள்ளைங்க இருக்கு. நம்ம ஜெராக்ஸ் தம்பி புள்ள இருக்கு" என்றாராம். அக்கா, "போடுங்க. பொய்யில ஈயம் இல்ல. தொட்டா ஒட்டாது" என்றாராம். போட்டார்.

கையெழுத்தோடு முடியும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடிக்காரர் இன்னொரு கேமராவோடு வந்தார். கமிட்டிக்குக் காட்டக் கம்பெனியே ஒரு ஆவணப்படம் எடுக்கிறது, தொழிலாளியின் ஒரு நாள் என்று. முகம் மறைக்காமல் அண்ணன் பேச வேண்டும். அவரை வைத்து எடுத்தால்தான் பழைய படம் பொய்யாகும்.

படம் எடுக்க வந்தவன் சின்ன வயதுக்காரன், தொப்பி போட்டிருந்தான், எல்லாரையும் அண்ணா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் தொழிற்சாலைக்குள் அண்ணன் பால் குடிப்பதை எடுத்தான். கட்டிகளை அடுக்கி வைத்து அவற்றின் முன்னால் நிற்க வைத்து, "பதினோரு வருஷமா இங்க வேலை செய்யறேன். நல்லா இருக்கேன்" என்று சொல்ல வைத்தான். ஆறு முறை சொன்னாராம். ஆறு முறையும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார், யார் முகத்தையும் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. வெள்ளைத் துணி கட்டிய சட்டத்தை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றான். அண்ணன் துவைத்த சட்டை போட்டு நின்றதைப் பார்த்து அந்தப் பையன், "இது வேணாம்ணா. வேலை செஞ்ச சட்டையே போட்டுக்கோங்க. பார்க்கறதுக்கு நிஜமா இருக்கணும்" என்றான். கண்ணாடிக்காரர் ஆள் அனுப்பி உலைக்கூடத்திலிருந்து சட்டை கொண்டுவரச் செய்தார். நெஞ்சிலும் தோளிலும் சாம்பல் படிந்த சட்டை. அண்ணன் தெருவிலேயே நின்று மாற்றிக்கொண்டார்.

"அண்ணா, நீங்க வேலை முடிஞ்சு வர்றீங்க. பாப்பா உள்ள இருந்து ஓடி வந்து கட்டிக்கறா. அக்கா சிரிச்சுக்கிட்டே வந்து சட்டையை வாங்கி மாட்டறாங்க. அவ்வளவுதான். பாப்பா, அப்பாவைக் கட்டிப்பியா?"

பாப்பா தலையை ஆட்டினாள். எட்டு மாதத்துக்கு மேலாக அந்தப் பிள்ளையை அவர் தொட விட்டதில்லை. அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். தலையில் புது ரிப்பன். வாசற்படிக்கு உள்ளே போய், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிற மாதிரி ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள்.

கேமரா ஓடியது. அண்ணன் தெருவிலிருந்து நடந்து வந்தார். பாப்பா கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். மூன்றடி இருக்கும்போது அண்ணன் பின்வாங்கினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சூடான பாத்திரத்திலிருந்து விலகுகிறவர் மாதிரிப் பின்னாலேயே போய் எதிர்வீட்டுச் சுவரில் இடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"ஏண்ணா? வெக்கமா?" என்றான் பையன். "இன்னொரு தடவை."

கண்ணாடிக்காரர் அண்ணனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் தலையசைத்தார். இரண்டாவது முறை அவர் பின்வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். பாப்பா ஓடி வந்தாள். அவள் கை சட்டையில் படப்போன நேரம் உள்ளேயிருந்து அக்கா பாய்ந்து வந்தார். "தொடாத!" என்று ஒரு சத்தம். தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். பிள்ளையை இடுப்பில் பிடித்து அப்படியே காற்றில் தூக்கிவிட்டார். பாப்பாவின் கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தொடக் கூடாதுங்க."

"யாரு சொன்னா?"

"அவங்கப்பாதான் சொன்னாரு. அந்தப் படத்துல."

"அதான் பொய்யின்னு எழுதிக் குடுத்தாச்சே."

அக்கா பிள்ளையை என் மனைவி கையில் கொடுத்தார். அண்ணன் பக்கம் போய் அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கைகளைக் கொடுத்துக்கொண்டு நின்றார். கழற்றிய சட்டையைக் கண்ணாடிக்காரர் முன்னால் நீட்டினார்.

"அப்ப நீங்களே வாங்கி மாட்டுங்க சார். பொய்தானே."

கண்ணாடிக்காரரின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. அவருக்கே தெரியாமல் போயிருக்கும். கூட்டம் முழுக்கப் பார்த்தது. தொப்பிப் பையன் கேமராவைத் தாழ்த்தினான். சட்டையையும் அதை நீட்டுகிற கையையும் மாறி மாறிப் பார்த்தான். பாப்பா மட்டும், "நான் சரியாத்தானே ஓடினேன்? ஏன் திட்டறாங்க?" என்று அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி வேறு ஒரு குடும்பத்தை வைத்துப் படத்தை முடித்தது. கமிட்டி வந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை, நான் அடித்த கடிதத்தை, முதல் படத்துக்கு எதிராக வைத்தார்கள். சாட்சியே பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை என்று கமிட்டி எழுதிவிட்டுப் போனது. கிடங்கு வேலையும் இல்லை, கம்பெனி ஆஸ்பத்திரியும் இல்லை, வீடும் இல்லை. படக்காரம்மா பெரிய நகரத்தில் ஒரு டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த டாக்டர், பாத்திரம் தவிர வீட்டிலிருந்து எதையும் கொண்டு வராதீர்கள், துணி ஒன்றுகூட வேண்டாம் என்றாராம். மூன்று பேரும் துணிக்கடையிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத உடுப்புகளோடு விருந்துக்குப் போகிற மாதிரி வேனில் ஏறினார்கள். அண்ணன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கோபமென்று நினைத்தேன். யாரிடமுமே பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாலு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நகல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறதா, அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"இருக்குக்கா. அனுப்பறேன். பாப்பா எப்படி இருக்கா?"

"இறங்கியிருக்கு. முப்பத்தொண்ணு. ஒண்ணாம் வகுப்புல திரும்பப் போட்டிருக்கோம். இருக்கறது மெல்ல வெளியேறிடுமாம். ஏற்கெனவே கெட்டது கெட்டதுதான்னு டாக்டர் சொல்றாரு."

"அண்ணன்?"

"ஒரு குடியிருப்புல லிப்ட்டு பார்த்துக்கற வேலை. பேச மாட்டாரு. கூட ஏறறவங்க எந்த மாடின்னு சொன்னா அமுக்குவாரு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா மட்டும் எல்லாத்தையும் என்கிட்டச் சொல்றாரு. அன்னைக்கு அந்த நாற்காலியில என்ன நினைச்சாரு, பரிசோதனைக் காகிதத்தை எங்க ஒளிச்சு வச்சாரு, எல்லாம். நான்தானே கேட்டேன், ஏன் சொல்லலைன்னு. இப்பக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அக்கா, நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

"இருந்திருந்தா இன்னும் உதறிக்கிட்டு இருந்திருப்பேன். வேற எதையாவது." பின்னால் லாரி ஏதோ ஹாரன் அடித்தது. பிறகு கேட்டார்: "உன் பொண்ணுக்குப் பார்த்தியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே கொடி. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கடை இருந்தது, கம்பெனி வேலை வந்துகொண்டிருந்தது, பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

"போ தம்பி" என்றார் அக்கா.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீள வரிசை. மகள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். எங்கள் முறை வந்தபோது சீட்டு எழுதுகிற நர்ஸ் நிமிராமல் பெயரையும் வயதையும் கேட்டாள். சொன்னேன். முகவரி கேட்டாள். தெருவின் பெயரைச் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்த சீட்டை அவள் ஓரமாக வைத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து வேறு நிறத்தில் ஒரு சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அதில் ஏற்கெனவே பாதிக்கு மேல் சீட்டுகள் கிழிக்கப்பட்டிருந்தன.

"புள்ள சட்டைக் கையை மடிச்சு விடுங்க" என்றாள்.